டெல்டா கடலோரத்தில் ஃபிஷ் ஃபைண்டர் தப்பாகக் காட்டுகிறதா? அறிகுறி வாரியாகப் பார்ப்போம்

பழையாறில் கொள்ளிடம் கடலில் சேரும் இடம், பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர் வெட்டாறு, வேளாங்கண்ணி வெள்ளையாறு, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை லகூன். கயாக் என்ற சிறு துடுப்புப் படகை இந்தப் பக்கங்களில் இறக்கி, தண்ணீருக்குள் ஒலி அனுப்பி எதிரொலியைத் திரையில் வரையும் ஃபிஷ் ஃபைண்டரோடு மீன் பிடிக்கிறவர்களிடம் பேசினால் ஒரே புகார்தான்: "மிஷின் சரியில்லை." திரையில் தெரிவதும் கையேட்டில் போட்ட படமும் ஒத்துப்போவதில்லை என்பது உண்மை. ஆனால் அப்படிச் சொல்லப்படுவதில் பெரும்பங்கு கருவிப் பழுதே இல்லை. ஒரே காலையில் ஆற்று நீர், உப்பு நீர், இரண்டும் கலந்த கலங்கல், குழைசேறு, கெட்டி மணல், நுரை என எல்லாவற்றையும் தாண்டிப் போகிறோம். ஒவ்வொன்றிலும் ஒலி ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். கருவி அதை அப்படியே வரைகிறது. எது தண்ணீரின் குணம், எது ஒயரின் கோளாறு, எது செட்டிங் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு முதலில் ஒரு சாமான் வேண்டும்: 200 கிராம் ஈயக்குண்டு ஒன்று, இழுத்தால் நீளாத மெல்லிய கயிற்றில் கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. மீனவர்கள் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள், ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர். கேட்டு அறிந்த ஆழத்தோடு ஒப்பிட அதற்கும் ஒரு நிற நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். குண்டின் அடியில் கொஞ்சம் பார் சோப்பை அழுத்தி ஒட்டினால் தரையில் இருப்பது ஒட்டிக்கொண்டு மேலே வரும். மணலா, சேறா, சிப்பித் தூளா என்று கையில் தொட்டுப் பார்க்கலாம். கீழே சொல்லும் பல சோதனைகளுக்கு இதுதான் நடுவர். விலை உயர்ந்த கருவி வைத்திருக்கிறவர்களும் இதை வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

திரை எரியவில்லை, அல்லது நடுவில் அணைந்து அணைந்து எரிகிறது

உப்புத் தண்ணீரில் முதல் சந்தேகம் எப்போதும் மின் இணைப்பின் மேல்தான். கயாக்கில் பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி 12.7 வோல்ட் அளவில் காட்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை 13 வோல்ட்டுக்கு மேலே நிற்கும். ஆனால் பேட்டரி முனையில் மட்டும் அளந்துவிட்டு "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று முடிவுகட்ட வேண்டாம். கருவி எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் பின்பக்கம் போகும் பிளக்கிடம் அளக்க வேண்டும். பேட்டரியில் 12.5 இருந்து பிளக்கில் 10.8 வந்தால் மீதியை நடுவில் ஏதோ ஒரு மூட்டு தின்றுகொண்டிருக்கிறது.

அந்த மூட்டைக் கண்டுபிடிக்க பிளக்கைக் கழற்றிச் சூரிய வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல பின் மஞ்சளாகவோ வெள்ளியாகவோ பளிச்சென்று இருக்கும். கெட்ட பின்னின் அடியில், ரப்பர் வளையத்தை ஒட்டி, பச்சையும் நீலமும் கலந்த களிம்பு ஒரு கோடாகப் படிந்திருக்கும். சில சமயம் பின் மேலே சுத்தமாக இருந்து, ஒயரின் உறைக்குள் இரண்டு விரற்கடை தூரம் வரை செம்பு கறுத்துப் போயிருக்கும். உறையை லேசாகச் சீவினால்தான் தெரியும். கறுத்த செம்பில் ஈயம் பற்றாது. அதைப் பற்றவைக்க முயலாமல், பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். பல் வைத்த முதலை கிளிப் கடலுக்கு ஆகாது. பற்றவைத்து, பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு, பின்னில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவினால் நெடுநாள் பிழைக்கும்.

பியூஸையும் வெளியே எடுத்துப் பாருங்கள். உள்ளே கம்பி அறுந்திருக்காது, ஆனால் இரு முனையிலும் உப்புப் பொருக்கு இருக்கும். கருவி சரியாக ஓடி, துடுப்பை வேகமாகப் போடும்போது மட்டும் அணைகிறதென்றால் பேட்டரிப் பெட்டியில் ஒயர் ஆடுகிறது என்று அர்த்தம்.

ஆழ எண் மினுக்குகிறது, அல்லது எண்ணே இல்லை

மினுக்கும் எண் என்றால் கருவி தரையைத் தொலைத்துவிட்டது, கடைசியாகத் தெரிந்த எண்ணைக் காட்டுகிறது என்று பொருள். அதை ஆழம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலான கருவிகளுக்கு அரை மீட்டருக்கும் குறைவான தண்ணீரில் தரை தெரியாது. அனுப்பிய ஒலியின் அதிர்வு, ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசரில் அடங்குவதற்குள் எதிரொலி திரும்பி வந்துவிடுகிறது. முத்துப்பேட்டை லகூனில் பல இடங்களில் ஒரு மீட்டர் தண்ணீர்கூட நிற்காது. நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், ஆனால் லகூனில் அந்தக் கொஞ்சம்தான் எல்லாம். ஏற்றத்தில் நன்றாக ஓடிய கருவி வற்றத்தில் அதே இடத்தில் மினுக்கினால் பழுது இல்லை. துடுப்பைச் செங்குத்தாகக் குத்திப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

ஆழம் இருக்கிறது, ஆனாலும் மினுக்குகிறது என்றால் டிரான்ஸ்டியூசருக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று இருக்கிறது. கயாக்கின் உள்ளே, அடித்தட்டின் மேல் ஒட்டியிருக்கிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். பாலிஎத்திலீன் தட்டு வழியே ஒலி போகும், காற்று வழியே போகாது. ஒட்டும்போது பசைக்குள் மிளகளவு குமிழி நின்றுவிட்டாலும் போதும், எதிரொலி பாதியாகிவிடும். வெயிலில் தட்டு விரிந்து, இரவில் சுருங்கி, ஓரம் விட்டுக்கொண்டாலும் இதேதான். ஒட்டிய இடத்தைச் சுற்றி ஒரு சிறு ரப்பர் வளையம் வைத்து அதற்குள் தண்ணீர் ஊற்றி டிரான்ஸ்டியூசரை அமிழ்த்தி ஓட்டிப் பாருங்கள். அப்போது படம் சரியானால் பசைதான் குற்றவாளி. பிய்த்தெடுத்து மறுபடி ஒட்டுங்கள். நுரைப்பஞ்சு நடுவே வைத்த அடித்தட்டு உள்ள கயாக்கில் இந்த முறையே பலிக்காது; அதற்கு வெளியே ஒரு தாங்கு கம்பியைப் பொருத்தி டிரான்ஸ்டியூசரைத் தொங்கவிடுவது ஒன்றுதான் வழி. பக்கவாட்டுப் படமும் டவுன் ஸ்கேனும் (நேர் கீழே நுண்ணிய படம்) உள்ள டிரான்ஸ்டியூசரை உள்ளே ஒட்டுவதும் வீண் வேலை. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் தட்டைத் தாண்டி உருப்படியாக வெளியே வராது.

வெளியே தொங்குவதாக இருந்தால் கடல் பாசி, வலைத் துண்டு, பிளாஸ்டிக் பை எது மாட்டியிருக்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். புது டிரான்ஸ்டியூசரின் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தண்ணீர் ஒட்டாமல் நுண்குமிழி தங்கும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் ஒருமுறை துடைத்தால் தீர்ந்தது.

ஒரு மீட்டர் தண்ணீரில் இரண்டு மீட்டர் என்கிறது. திடீரென இருபது என்கிறது

சரியாக இரட்டிப்பாக இருந்தால் அது இரண்டாம் எதிரொலி. ஒலி தரையில் பட்டு மேலே வந்து, நீர்ப்பரப்பில் பட்டு மறுபடி கீழே போய், மறுபடி வருகிறது. ஆழமில்லாத கெட்டித் தரையில் இது வலுவாக வரும். பூம்புகார் கரையோர மணலிலும், தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலை ஒட்டிக் கடலரிப்புக்காகக் கொட்டிய கற்களின் மேலும் பார்க்கலாம். முதல் தரையைக் கருவி தன் அதிர்வு என்று ஒதுக்கிவிட்டு இரண்டாவதைத் தரை என்று பிடித்துக்கொள்கிறது. சென்சிடிவிட்டியை, அதாவது மெல்லிய எதிரொலியையும் பிடிக்கும் அளவை, கீழே இறக்குங்கள். ஆழ எல்லையை ஆட்டோவிலிருந்து எடுத்து 0 முதல் 5 மீட்டர் என்று நீங்களே பூட்டுங்கள். கழிமுகத்தில் நான் ஆட்டோ ரேஞ்சைப் பயன்படுத்துவதே இல்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

பத்து, இருபது, முப்பது என்று தாவினால் அது வேறு கதை. தரையின் எதிரொலி பலவீனமாக இருக்கிறது, கருவி தன் கெயினை (எதிரொலியைப் பெருக்கும் அளவை) ஏற்றிக்கொண்டே போய் வெறும் இரைச்சலைத் தரை என்று நினைக்கிறது. இதன் வேர் அநேகமாக அடுத்த அறிகுறியில்தான் இருக்கிறது.

தரை ஒரு கோடாக இல்லை. மங்கலாக, மெத்தென்று, இரண்டு தரை போலத் தெரிகிறது

டெல்டாவில் ஃபிஷ் ஃபைண்டர் வைத்திருக்கிறவர் முழுசாகப் புரிந்துகொள்ள வேண்டிய அறிகுறி இது ஒன்றுதான் என்பேன்.

கெட்டி மணலில் ஒலி பட்டால் பெரும்பகுதி திரும்பும். திரையில் பளிச்சென்ற அழுத்தமான பட்டை, அதன் கீழே நீண்ட வால், ஆழம் குறைவென்றால் அதற்கும் கீழே இரண்டாம் எதிரொலி. சேற்றில் ஒலியின் ஒரு பங்கு உள்ளே புகுந்து அங்கேயே அடங்கிவிடும். திரையில் மெல்லிய, வெளிறிய கோடு. இரண்டாம் எதிரொலி பெரும்பாலும் வராது. ஆற்று வாயில் படியும் குழைசேறு இன்னும் மோசம்: மேலே கஞ்சி போல இளகியும் கீழே போகப்போக இறுகியும் இருக்கும். அங்கே "இதுதான் தரை" என்று சொல்லக் கூடிய ஒரு மட்டமே கிடையாது. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி இளகிய சேற்றின் மேல்முகத்திலேயே திரும்பிவிடும். 50 அல்லது 77, 83 கிலோஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் இன்னும் உள்ளே இறங்கித் திரும்பும். இரண்டு அதிர்வெண் உள்ள கருவியில் ஒன்று 1.4 மீட்டர் என்றும் மற்றது 1.8 என்றும் சொன்னால் இரண்டுமே பொய் சொல்லவில்லை. நடுவில் உள்ள 40 சென்டிமீட்டர் சேறு. துறைமுகங்களில் தூர் வாருவதற்கு முன் சேற்றின் தடிமனைக் கணிக்க இதே வேறுபாட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஈயக்குண்டை இறக்கிப் பாருங்கள். கயிறு தளரும் முதல் நொடியைக் கவனியுங்கள். மணல் என்றால் 'டக்' என்று விரலில் தெரியும். சேறு என்றால் எப்போது தொட்டது என்றே தெரியாமல் கயிறு மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டே போகும். மேலே இழுக்கும்போது ஒரு பிடிமானம் இருந்து பிறகு விடும். அடியில் வைத்த சோப்பில் சாம்பல் கறுப்பாகச் சேறு அப்பியிருக்கும், அழுகிய முட்டை வாடை லேசாக அடிக்கும். இப்போது திரையைப் பாருங்கள். அந்த மங்கல் பட்டையின் எந்த நிறத்தில் குண்டு நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை குண்டு போடாமலே திரையைப் படித்துவிடலாம்.

செட்டிங்கில் செய்ய வேண்டியது: சேற்றுக்கு மேல் இருக்கும்போது சென்சிடிவிட்டியைக் கையால் கொஞ்சம் ஏற்றுங்கள், தரைக்கோடு தொடர்ச்சியாகும் வரை. மணலுக்கு வந்ததும் இறக்குங்கள். நன்னீர் ஏரியில் ஒரு தடவை வைத்துவிட்டு மறந்துபோகலாம், இங்கே முடியாது.

இந்தத் தொந்தரவுக்குப் பலன் உண்டு. சேறு முடிந்து மணலோ சிப்பித் திட்டோ தொடங்கும் இடத்தில் திரையில் கோடு தடித்து நிறம் மாறும். அந்த எல்லையில்தான் கொடுவாவும் செப்பிலியும் காத்திருக்கும். முத்துப்பேட்டையில் கோரையாறு, பாமணியாறு போன்றவை லகூனுக்குள் வரும் இடங்களில் வாய்க்கால் அறுத்த பள்ளத்தின் விளிம்பும் இப்படித்தான் தெரியும். அலையாத்திக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அதை வாங்கிக்கொண்டு போங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது இந்தக் காட்டில் ஏராளமான மரங்கள் சேதமடைந்தன. சேற்றுத் தரையில் திடீரென அழுத்தமான ஒரு மேடு தெரிந்தால் மூழ்கிக் கிடக்கும் மரமாக இருக்கலாம். தூண்டிலுக்கு நல்ல இடம், தங்கூசி நரம்புக்குக் கெட்ட இடம்.

தண்ணீருக்கு நடுவே குறுக்காக ஒரு கோடு

இரண்டு காரணங்கள், இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். ஆகவே முதலில் சோதனை: ஆழ எல்லையை மாற்றுங்கள். 0 முதல் 5 என்று இருந்ததை 0 முதல் 10 ஆக்குங்கள். கோடு உண்மையானதென்றால் பழைய ஆழத்திலேயே, அதாவது 2 மீட்டரில் இருந்தது 2 மீட்டரிலேயே நிற்கும். திரையில் அதே உயரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், அல்லது நிறுத்தி ஓட்டும்போது இடம் மாறினால், அது மின் இரைச்சல். டிரான்ஸ்டியூசர் ஒயரும் மின் ஒயரும் ஒன்றாகச் சுற்றிக் கட்டியிருக்கிறதா பாருங்கள், பிரித்து வையுங்கள். செல்போனைப் பவர் பேங்கில் சார்ஜ் போட்டுக் கருவி பக்கத்தில் வைத்திருந்தால் கழற்றிப் பாருங்கள்.

உண்மையான கோடு என்றால் சந்தோஷப்படுங்கள். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஆறுகள் கடலில் விழும்போது நன்னீர் இலேசானதால் மேலே விரியும், உப்பு நீர் கனமானதால் அடியில் ஆப்பு வைத்தாற்போல் ஆற்றுக்குள் ஏறும். முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திறந்துவிடும் உபரி நீர் அணைக்கரை தாண்டிப் பழையாறு வரும் நாட்களிலும் இதே நிலைமைதான். இரண்டும் சந்திக்கும் மட்டத்தில் அடர்த்தி சட்டென்று மாறுகிறது. அங்கே மிதவை உயிரிகளும் வண்டலும் தேங்குகின்றன. ஒலி அதில் பட்டுச் சிதறி ஒரு மூட்டமான பட்டையாகத் தெரியும். கோடு நேராக இருக்காது; ஓதம் ஏற ஏற ஆற்றுப் பக்கம் சாய்ந்து, அலைபோல லேசாக நெளியும். இந்தக் கோட்டை அழிக்கலாம் என்று சென்சிடிவிட்டியைக் குறைத்துவிடாதீர்கள். உப்பு நீரில் இருக்கப் பழகிய மீன் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். மேலே மிதக்கும் இரையை வைத்துக்கொண்டு காலை முழுக்க ஒன்றும் கடிக்கவில்லை என்று திரும்புவதற்கு இந்தக் கோட்டைப் பார்க்காததே காரணம். ஒரு பாட்டிலில் மேல்தண்ணீரை எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், பிறகு பாட்டிலுக்குள் ஈயத்தைப் போட்டு, மூடியில் கயிறு கட்டி லேசாகச் செருகி, கோட்டுக்குக் கீழே இறக்கிச் சுண்டித் திறந்து எடுத்துப் பாருங்கள். கரிப்பு வித்தியாசமே சாட்சி.

கோடையில் இந்தக் கோடு பெரும்பாலும் இருக்காது. ஆற்றில் வரத்து நின்று, வெயிலில் லகூன் தண்ணீர் வற்றி, கடலை விடவும் உப்பேறிவிடுவது உண்டு. அப்போது கழிமுகத்தில் கோடு தெரிந்தால் முதலில் மின் இரைச்சலைச் சந்தேகியுங்கள்.

திரையின் மேல்பகுதி முழுக்கப் புள்ளி, தூசி

அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது நுரைக் குமிழி நீருக்குள் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கும். அப்போது மேல்பகுதி அடைத்துக்கொள்வது இயல்பு. அலை உடையும் வரிசையைத் தாண்டிச் சில நிமிடம் போனதும் தெளிந்தால் விட்டுவிடுங்கள். விசைப்படகு கடந்துபோன தடத்திலும் இப்படித்தான்.

எங்கே போனாலும் தெளியவில்லை என்றால் சர்ஃபேஸ் கிளாரிட்டி என்ற செட்டிங்கை ஒரு படி ஏற்றுங்கள். ஒரு படிக்கு மேல் வேண்டாம். நம் ஆழமே மூன்று நான்கு மீட்டர்; அதில் மேல் ஒன்றரை மீட்டரைத் துடைத்தெறிந்தால் மடவைக் கூட்டத்தையும் சேர்த்துத் துடைத்ததாகும்.

மீன் சின்னம் நிறைய, தூண்டிலில் ஒன்றுமில்லை

மீன் சின்னத்தை அணைத்துவிடுங்கள். இப்போதே. தண்ணீருக்கு நடுவே தனியாக எது எதிரொலித்தாலும் கருவி அதற்கு ஒரு மீன் படம் போடும். அலையாத்திச் சேற்றில் இலைதழை மக்கி வாயு குமிழி குமிழியாக மேலே வரும், அதற்கும் மீன். மிதக்கும் பாசிக்கும் மீன். சொறி (ஜெல்லி மீன்) கூட்டமாக வரும் நாட்களில் திரை முழுக்க மீன். சின்னம் இல்லாத கச்சா எதிரொலியில் இவற்றைப் பிரிக்கலாம்: வாயுக் குமிழி தரையிலிருந்து மேல்நோக்கிச் சாய்ந்த நூலாக ஏறும். சொறி மங்கலான மேகத் துணுக்காகத் தெரியும். மீன் அழுத்தமாக, ஓரம் தெளிவாக இருக்கும்.

மீனிலும் எல்லாம் ஒன்றல்ல. மீனிலிருந்து வரும் எதிரொலியில் பெரும்பங்கு அதன் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையால் வருவது. திருக்கை, சுறா, நாக்கு மீன் இவற்றுக்குக் காற்றுப்பை இல்லை. உங்கள் கயாக்கை விட அகலமான திருக்கை சேற்றில் படுத்திருந்தாலும் திரையில் சின்னதொரு தழும்பு போலத்தான் தெரியும், பல சமயம் அதுவும் தெரியாது. உள்ளங்கை அளவு மீன் கூட்டமாகப் போனால் திரை நிறைந்துவிடும்.

"கையேட்டில் இருக்கிற வளைவு எனக்கு வரவே இல்லை" என்று பலர் கவலைப்படுகிறார்கள். வளைவு வர, கீழே போகப்போக விரியும் ஒலிக் கூம்பின் ஓரத்தில் மீன் நுழைந்து, நடுவே வந்து, மறு ஓரத்தில் வெளியேற வேண்டும். நங்கூரம் போட்டு நிற்கும்போது அடியில் ஒரு மீன் சும்மா நின்றால் அது நீண்ட நேர்க்கோடாகத்தான் வரும். அது மீன்தான். கயாக் பின்பக்கம் கனத்துச் சாய்ந்திருந்தால் அரை வளைவு மட்டும் வரும். ஐஸ் பெட்டியைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பாருங்கள்.

இதை எல்லாம் விட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. 20 டிகிரி கூம்பு 10 மீட்டர் ஆழத்தில் சுமார் மூன்றரை மீட்டர் அகலத் தரையைப் பார்க்கும். 2 மீட்டர் ஆழத்தில் அதே கூம்பு 70 சென்டிமீட்டர்தான் பார்க்கும், அதாவது கயாக்கின் அகலம். 60 டிகிரி கூம்பு என்றாலும் 2 மீட்டரில் 2.3 மீட்டர்தான். அவ்வளவு மெலிந்த தண்ணீரில் கயாக்கின் நிழலுக்கு அடியில் எந்தக் கொடுவாவும் நிற்காது. ஆகவே லகூனிலும் ஆற்று வாயிலும் இந்தக் கருவி மீனைக் காட்டவில்லை என்பது கோளாறே அல்ல. அங்கே அது தரையைப் படிக்கும் கருவி: பள்ளம் எங்கே, விளிம்பு எங்கே, கெட்டி எங்கே. விளிம்பைக் கண்டுபிடித்து, இருபது மீட்டர் தள்ளிப் போய் நின்று, அங்கிருந்து வீசுங்கள். கடலுக்குள் பத்து மீட்டர் ஆழத்துக்கு மேல் போனால் மட்டும் மீனைத் தேட இதை நம்பலாம்.

மழைத் தாரை போலச் சாய்ந்த கோடுகள், விட்டு விட்டுப் புள்ளிகள்

பக்கத்தில் ஓடும் வேறொரு எக்கோ சவுண்டரின் (ஒலியால் ஆழம் அளக்கும் கருவியின்) ஒலி உங்கள் டிரான்ஸ்டியூசரில் விழுகிறது. நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுக வாய்களில் விசைப்படகு வரிசையாக வெளியே போகும் நேரத்தில் இது நிச்சயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; அந்த 61 நாட்களில் இந்தத் தொந்தரவு வெகுவாகக் குறைந்திருப்பதைக் காணலாம். மற்ற நாட்களில் அதிர்வெண்ணை 200-லிருந்து 77 அல்லது 83-க்கு மாற்றுங்கள், ஒரே அதிர்வெண்ணுக்குப் பதில் ஒரு பட்டை முழுக்க ஒலி அனுப்பும் சர்ப் வகையென்றால் வேறு பட்டைக்குப் போங்கள். இன்டர்ஃபியரன்ஸ் ஃபில்டரை நடுவில் வையுங்கள். இரண்டு நண்பர்கள் ஒரே மாதிரி கருவியோடு அருகருகே மிதந்தாலும் இதே கோலம்தான். கொஞ்சம் விலகுங்கள்.

கயாக்கில் மின் மோட்டார் இருந்து, அதை இயக்கும்போது மட்டும் கோடு வந்தால் ஃபிஷ் ஃபைண்டருக்குத் தனி பேட்டரி வையுங்கள். வேறு வைத்தியம் தேட வேண்டாம்.

தட்டையான தரை ரம்பப் பல் போலத் தெரிகிறது

தரை ஆடவில்லை, நீங்கள் ஆடுகிறீர்கள். கோடியக்கரையில் கரை மேற்கே திரும்புகிறது. அதற்கு வடக்கே வேதாரண்யம் முதல் பழையாறு வரை வங்கக் கடலின் அலை நேராக வரும். நீண்ட அலையில் கயாக் அரை மீட்டர் ஏறி இறங்கினால் ஆழமும் அதே அரை மீட்டர் ஏறி இறங்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவை ஆழமாக எடுத்துக்கொள்ளுங்கள். பல்லின் உயரம் திரையில் முக்கால் மீட்டரைத் தாண்டினால் ஃபிஷ் ஃபைண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கரையைப் பார்க்க வேண்டிய நேரம். கிளம்பும் முன் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை முன்னறிவிப்பைப் பார்க்கும் பழக்கம் கயாக்காரருக்கு உயிர்க்காப்பு. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இந்தப் பக்கம் இறங்கவே கூடாது.

ஆழம் கொஞ்சம் வித்தியாசம், வெப்பநிலை அபத்தம்

30 டிகிரி நன்னீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,510 மீட்டர் போகும். அதே சூட்டில் கடல் நீரில் சுமார் 1,545. வாட்டர் டைப் செட்டிங் நன்னீரில் இருந்தால் கடலில் ஆழம் ஏறக்குறைய இரண்டு சதவீதம் குறைவாகக் காட்டும். 5 மீட்டரில் அது ஒரு சாண்கூட இல்லை. கடலுக்கு மாற்றி வையுங்கள், ஆனால் இதனால் பெரிய பிழை எதுவும் வராது. குண்டுக்கும் திரைக்கும் எப்போதும் ஒரே அளவு, பத்து பதினைந்து சென்டிமீட்டர், வித்தியாசம் இருந்தால் அது டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் தூரம். கீல் ஆஃப்செட்டில் அந்த எண்ணைப் போட்டால் சரியாகிவிடும்.

உப்பு நீர் உயர்ந்த அதிர்வெண்ணை அதிகமாக உறிஞ்சும், முக்கியமாக அதில் கரைந்திருக்கும் மெக்னீசியம் சல்பேட்டால். 455, 800 கிலோஹெர்ட்ஸ் பக்கவாட்டுப் படம் ஏரியில் எட்டிய தூரம் கடலில் எட்டாது. அது கருவியின் குறை அல்ல.

உள்ளே ஒட்டிய டிரான்ஸ்டியூசர் காட்டும் வெப்பநிலை கயாக்கின் வயிற்றுச் சூடு. 38 என்று காட்டினால் மீனைப் பற்றி அதில் சேதி ஒன்றுமில்லை.

போன மாதம் நன்றாக இருந்தது, இப்போது மெல்ல மெல்ல மங்குகிறது

டிரான்ஸ்டியூசரின் முகத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் உப்புப் பொருக்கோ பாசியோ கொட்டலசின் குஞ்சோ பிடித்திருக்கிறது. மரக் குச்சியால் சுரண்டலாம், கத்தி வேண்டாம். ஒவ்வொரு முறை கரையேறியதும் கருவி, பிளக், டிரான்ஸ்டியூசர் மூன்றையும் நல்ல தண்ணீரில் மென்மையாகக் கழுவி நிழலில் காயவிடுங்கள். பைப்பைத் திறந்து வேகமாகப் பீய்ச்சினால் உப்பைப் பிளக்குக்குள் ஏற்றிவிட்டதாகும்.

சுத்தமாக இருந்தும் மங்கினால் டிரான்ஸ்டியூசரைக் காற்றில் காதோடு வைத்துச் சில நொடி ஓட்டுங்கள். கடிகாரம் போல 'டிக் டிக்' கேட்டால் ஒலி அனுப்புகிறது. கேட்கவில்லை என்றால் ஒயர் எங்கோ உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. கயாக்கின் துளை வழியே அது வளைந்து வெளியே வரும் இடத்தை முதலில் பாருங்கள், அங்கேதான் மடிந்து மடிந்து போகும். டிரான்ஸ்டியூசர் ஒயரை வெட்டி ஒட்டுப் போடாதீர்கள். உள்ளே உள்ள உறைக் கம்பி சரியாகச் சேராவிட்டால் இரைச்சல் நிரந்தரமாகிவிடும். அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடம் டிரான்ஸ்டியூசரை மட்டும் வாங்கி, படகுத்துறை ஓரத்தில் இரண்டு மீட்டர் தண்ணீரில் மாட்டிப் பாருங்கள். அப்போது படம் தெளிந்தால் புது டிரான்ஸ்டியூசர் மட்டும் வாங்கினால் போதும், கருவி முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. வாளித் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது, வாளியின் ஆழம் கருவிக்குக் கண் தெரியாத ஆழம்.